ஒரே பலகையில் இரண்டு கழுத்து

மவுண்ட் ஆல்பர்ட், ஆக்லாந்து
திங்கட்கிழமை காலை

பெருமதிப்புக்கும் பேரன்புக்கும் உரிய நவரத்தினம் அண்ணை அவர்கட்கு,

உங்கள் சகலன் கேதீஸ்வரன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் குணவதியும் பிள்ளை நிசாந்தினியும் நல்லூரான் புண்ணியத்தில், என் கழுத்து ஒன்றைத் தவிர, மற்றப்படி சுகமாக இருக்கிறோம். அங்கே ரொறன்ரோவில் நீங்களும் பாக்யலட்சுமி மச்சாளும் உங்கள் இரண்டு முழங்கால்களும் குறைவில்லாமல் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். போனில் சொல்லாமல் ஏன் இவன் கடிதம் எழுதுகிறான் என்று யோசிப்பீர்கள். போன் எடுத்தால் இந்தப் பக்கம் குணவதி ஸ்பீக்கரில் போடுகிறாள், அந்தப் பக்கம் மச்சாள் ஸ்பீக்கரில் போடுகிறா, அக்காவும் தங்கச்சியும் கதைத்து முடிய எங்கள் இருவருக்கும் 'சரி, வைக்கிறன்' என்பது மட்டும்தான் மிஞ்சுகிறது. அந்தக் குடும்பத்தில் பெண் எடுத்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். எங்கள் கஷ்டம் வேறு ஆருக்கும் விளங்காது.

முதலில் விசயத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்கும் மைத்துனர் ஆனந்தராசாவுக்கும் மத்தியஸ்தம் செய்ய என்று கலியாணத்துக்கு ஒரு மாதம் முந்தி நீங்கள் டிக்கெட் போட்டிருக்கிறீர்களே, அதை மாற்றிவிடுங்கள். கலியாணத்துக்கு மட்டும் வந்தால் போதும். சமாதானம் ஆகிவிட்டது. எப்படி ஆனது என்பதை மச்சாளுக்கு வாசித்துக் காட்டாமல் நீங்கள் மட்டும் வாசிக்கவும்.

சண்டைக்குக் காரணம் உங்களுக்குத் தெரியும், ஆனாலும் என் பக்கத்து நியாயத்தை ஒருமுறை இடையில் ஆரும் குறுக்கிடாமல் சொல்ல விடுங்கள். மூன்று வருடத்துக்கு முன் அவருடைய மகள் பிரணவி பெரியபிள்ளையாகி, அவளுக்குச் சாமத்திய வீடு. நகரத்தின் தெற்கே தகனினியில் இருக்கும் தன் வீட்டில் இருந்து காரில் வந்து, வீட்டுக்குள் ஏறி, குங்குமம் கொடுத்து, தாம்பாளத்தில் கார்ட் வைத்து, 'அத்தான், அக்கா, வந்து நடத்தித் தர வேணும்' என்று சொல்ல வேண்டியவர், குடும்ப வாட்ஸ்அப் குறூப்பில் போட்டார். ஆரோ போட்ட குட்மோர்னிங் ரோசாப்பூவுக்கும் ஆரோ விற்கிற பழைய சோபாவுக்கும் நடுவில் 'எல்லாரும் வரவும்' என்று ஒரு வரி. சொந்த அக்காவின் புருசன் 'எல்லாரும்' ஆகிவிட்டான். நான் அன்றைக்கே குறூப்பை விட்டு வெளிக்கிட்டேன், விழாவுக்கும் போகவில்லை, குணவதி மட்டும் போய் வந்தாள். இப்போது நிசாந்தினிக்குத் தை மாதம் கலியாணம். தாய்மாமன் பக்கத்தில் நிற்காமல் பிள்ளையை மணவறைக்கு அனுப்பமாட்டேன் என்று குணவதி சொல்லிவிட்டாள். ஆனந்தராசாவோ அத்தான் நேரில் வந்து சொன்னால்தான் வருவேன் என்கிறாராம். என் வாசலுக்கு வராத மனிதரின் வாசலில் நான் எப்படித் தாம்பாளத்தோடு போய் நிற்பது? ஊரில் எல்லாருக்கும் கார்ட் கொடுத்தாகிவிட்டது, அவருடைய கார்ட் மட்டும் சாமியறையில் கிடக்கிறது. குணவதி என்னோடு கதைப்பதைக் குறைத்துத் தேத்தண்ணிக் கோப்பையைச் சத்தமாக வைக்கத் தொடங்கினாள். பிள்ளை அந்தக் கார்டை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப அதே இடத்தில் வைப்பாள். அதுதான் எனக்கு மிகவும் கவலை.

நேற்று ஞாயிறு, பிள்ளை "அப்பா, லெட்ஸ் கோ ஃபோர் எ ட்ரைவ்" என்று எங்களை ஏற்றிக்கொண்டு கிளென் ஈடனையும் தாண்டி மலைப்பக்கம் போனாள். அங்கே இங்கிலாந்தில் இருந்து வந்த ஒரு கட்டட மேஸ்திரி, ஓய்வு எடுத்த பிறகு சும்மா இருக்க முடியாமல், பழைய காலத்துக் கோட்டை ஒன்றை அப்படியே கட்டி, உள்ளே ஐரோப்பிய ராசாக்கள் காலத்துச் சாமான்களை வைத்து மியூசியம் ஆக்கியிருக்கிறார். ஓய்வு பெற்ற எனக்கு வீட்டு வேலிக்குப் பெயின்ட் அடிக்கவே ஒரு வருடமாக நேரம் கிடைக்கவில்லை. டிக்கெட் வாங்குமிடத்தில் பார்க்கிறேன், ஆனந்தராசா, பக்கத்தில் அவருடைய மகன் சஞ்சீவன். நிசாந்தினி "ஓ, மாமா, வட் எ சர்ப்ரைஸ்" என்றாள், சஞ்சீவன் "நோ வே" என்றான், இரண்டு பிள்ளைகளுக்கும் நடிப்பு ஒரு துளியும் வராது. திரும்பிப் போய்விடலாம் என்று எனக்கும் பட்டது, அவருக்கும் பட்டிருக்கும், ஆனால் முதலில் வெளிக்கிடுகிறவன் தோற்றவன் ஆகிவிடுவானே, ஆகவே இரண்டு பேரும் முகத்தை நீட்டிக்கொண்டு உள்ளே போனோம்.

எங்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியவர் இரும்பு வளையச் சட்டை போட்டு, வாள் கட்டி, தலைக்கவசத்தால் முகத்தை மூடியிருந்தார். வெள்ளைக்காரன் என்று நினைத்து நான் இங்கிலீசில் ஏதோ கேட்க, கவசத்தைக் கழற்றி, "தமிழா அங்கிள்? நான் பீட்டர், மலேசியா, ஈப்போக்காரன் லா" என்கிறார். கிழமை நாளில் கணக்காளர் வேலையாம், ஞாயிறு பூசை முடிந்ததும் இங்கே வந்து போர்வீரன் ஆகிறாராம். தண்டனை அறை என்று ஒன்றுக்குள் கொண்டுபோனார். அண்ணை, அந்தக் காலத்து மனிதர்களுக்கு நேரம் நிறைய இருந்திருக்கிறது. பாணில் எடை குறைத்து விற்ற பேக்கரிக்காரனைக் கூட்டில் அடைத்து ஆற்றில் முக்கி எடுத்திருக்கிறார்கள். குடிகாரனை அடிப்பக்கம் இல்லாத பீப்பாய்க்குள் விட்டு, தலையை மட்டும் வெளியில் எடுத்து, ஊர்வலம் விட்டிருக்கிறார்கள். ஊர்வம்பு கதைக்கிறவர்களுக்குக் கழுதைக்காதும் நீட்டு நாக்கும் வைத்த இரும்பு முகமூடி. அதைப் பார்த்ததும் கோயில் மண்டபத்து வெள்ளிக்கிழமைக் கூட்டம் என் கண்ணுக்குள் வந்து நின்றது, எத்தனை முகமூடி செய்ய வேண்டியிருக்கும் என்று யோசித்தேன். முள்ளு வைத்த நாற்காலி ஒன்றும் இருந்தது. அது பிற்காலத்தில் கூட்டத்தைப் பயப்படுத்திக் காசு பார்க்கச் செய்தது என்று பீட்டர் நேர்மையாகச் சொன்னார். எங்கள் வீட்டு டைனிங் நாற்காலியை விட அது ஒன்றும் மோசமாகத் தெரியவில்லை.

கடைசியில் ஒரு நீளப் பலகை. இரண்டு கழுத்துக்கு இரண்டு பெரிய ஓட்டை, நடுவில் கைகளுக்குச் சின்ன ஓட்டைகள். "இது சண்டைக்காரங்களுக்குன்னே செஞ்சது, அங்கிள். ரெண்டு பேரையும் மூஞ்சிக்கு மூஞ்சி வச்சு மாட்டிடுவாங்க. சமாதானம் ஆனாத்தான் கழட்டுவாங்க. இது புதுசா செஞ்ச நகல்தான், போட்டோ எடுக்கலாம். யாருக்குத் தைரியம் இருக்கு?" என்றார் பீட்டர். பிள்ளைகள் இரண்டும் கூரையைப் பார்த்தன. ஆனந்தராசா முன்னுக்குப் போய்க் கழுத்தைக் கொடுத்தார். அவர் கொடுத்தால் நான் என்ன குறைந்தவனா, நானும் கொடுத்தேன். பீட்டர் மேல்பலகையை மூடி ஆணியைப் போட்டார், பிள்ளைகள் படம் எடுத்தார்கள். பிறகு திறக்கப் பார்த்தால் ஆணி வரவில்லை. ஒரு கிழமையாகப் பெய்த மழையில் பலகை ஊறிப் பெருத்துவிட்டதாம். பீட்டர் இழுத்தார், சஞ்சீவன் இழுத்தான், இரண்டு பேரும் சேர்ந்து இழுக்க எங்கள் கழுத்துத்தான் வந்தது. "சுத்தியல் எடுத்திட்டு வர்றேன், ஆடாம இருங்க" என்று பீட்டர் ஓட, பிள்ளைகள் பின்னால் ஓட, குணவதி என்னைப் பார்த்து ஒரு பார்வை பார்த்துவிட்டு அவர்களோடு போய்விட்டாள்.

நானும் அவரும் தனியே. அவர் என்னை விட உயரம் என்பது உங்களுக்குத் தெரியும். அவர் நிமிர்ந்தால் நான் நுனிக்காலில் நிற்க வேண்டும், நான் சரியாக நின்றால் அவர் என்னைக் கும்பிடுவதுபோல் குனிய வேண்டும். நான் அவருடைய நெற்றியைப் பார்த்தேன், அவர் என்னுடைய காதைப் பார்த்தார். அந்த நேரம் அவருடைய மூக்குக்கண்ணாடி மெல்ல வழுக்கிக்கொண்டு வந்தது. விழுந்தால் உடையும். என் கை அவருடைய தாடைக்குக் கிட்ட இருந்தது, ஒரு விரலால் தள்ளி ஏற்றிவிட்டேன்.

"நன்றி அத்தான்" என்றார். மூன்று வருடத்தில் அதுதான் முதல் சொல். நான்தான் முதலில் இறங்கிப் போனேன் என்று ஆரும் சொன்னால் நம்ப வேண்டாம், விரல் நீட்டுவது கதைப்பதில் சேராது.

"நன்றியையும் வாட்ஸ்அப்பிலை போட்டிருக்கலாமே" என்றேன்.

அவர் என் காதை விட்டு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "நான் வந்தனான் அத்தான்" என்றார்.

"எங்கை வந்தனீர்?"

"பாதி வழி வந்தனான். அந்த நேரம் எனக்கு லைசன்ஸ் இல்லை. மோட்டர்வேயிலை ஸ்பீட் கூடிப் பிடிபட்டு, கொஞ்ச மாசத்துக்குப் பறிச்சுப்போட்டாங்கள். வீட்டிலை சீதாதேவிக்கு மட்டும்தான் தெரியும். அவ மோட்டர்வேயிலை ஓடமாட்டா. பெடியன் சஞ்சீவனுக்குக் கார் பழக்கினவன் நான், ஆரிட்டைச் சொல்லுறது? வேட்டி கட்டி, தாம்பாளத்திலை கார்ட்டும் வெத்திலையும் குங்குமமும் வைச்சு ட்ரெயினிலை ஏறினனான். அண்டைக்குத் தண்டவாள வேலை. நடு வழியிலை எல்லாரையும் இறக்கி பஸ்ஸுக்கு நிக்கச் சொன்னவங்கள். மழை எண்டால் மழை. குங்குமம் கரைஞ்சு வேட்டி முழுக்கச் சிவப்பு, பக்கத்திலை நிண்ட வெள்ளைக்கார மனுசி அம்புலன்சைக் கூப்பிடட்டோ எண்டு கேக்கிறா. அந்தக் கோலத்திலை உங்கடை வாசலிலை வந்து நிக்கிறதோ? திரும்பிப் போனன். போன ஆத்திரத்திலை குறூப்பிலை போட்டிட்டன்."

"இதை அப்பவே சொல்லியிருக்கலாமே, ஆனந்தராசா."

"சொல்ல வர, நீங்கள் குறூப்பை விட்டு வெளிக்கிட்டிட்டியள்."

அண்ணை, இதற்கு என்ன பதில் சொல்வது? உங்களிடம் இருந்தால் எழுதவும். மழையில், சிவந்த வேட்டியோடு, எங்களுக்கென்று கொண்டுவந்த தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு அந்த மனிதர் பஸ்ஸுக்கு நின்றதை நினைத்துப் பார்த்தேன். எனக்கு இருக்கிற ஒரே மைத்துனர். நிசாந்தினி பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு முதலில் ஓடி வந்தவர். நான் சொன்னேன், "தை மாதம் பிள்ளைக்குக் கலியாணம். நீரும் சீதாதேவியும் பிள்ளைகளும் வந்து முன்னுக்கு நிண்டு நடத்தித் தர வேணும்." நேரில் சொல்லவில்லை என்று இனி ஆரும் சொல்ல முடியாது, மூக்கும் மூக்கும் முட்டுகிற நேருக்கு மேல் ஒரு நேர் இல்லை. அவர் ஓம் என்று தலையாட்டப் பார்த்தார். பலகை சேர்ந்து ஆட என் தலையும் ஆடியது, அவர் இன்னும் பலமாக ஆட்ட எனக்குப் பல்லே கிடுகிடுத்தது.

அந்த நேரம் பீட்டர் சுத்தியலோடும் சமையல் எண்ணெய்ப் போத்தலோடும் வந்து, "சமாதானமா அங்கிள்?" என்று கேட்டு ஒரு தட்டுத் தட்ட ஆணி வந்துவிட்டது. குணவதி வாசலில் நின்று, "ரெண்டு பேரும் என்னத்துக்கு அழுறியள்?" என்றாள். நான் அழவில்லை, அவ்வளவு நேரம் மூக்குச் சொறிய முடியாமல் இருந்தால் ஆருக்கும் கண்ணில் தண்ணி வரும். பிள்ளை என்னைக் கட்டிப்பிடித்தாள்.

ஆகவே மேற்படி டிக்கெட்டை மாற்றி, கலியாணக் கிழமைக்கு வந்து சேரவும். மச்சாளுக்கு என் வணக்கத்தையும், உங்கள் பிள்ளைகளுக்கு சித்தப்பா சின்னம்மா இருவரின் ஆசியையும் சொல்லவும். முழங்காலுக்கு எண்ணெய் பூச மறக்க வேண்டாம். எல்லாம் வல்ல முருகன் உங்கள் குடும்பத்தைக் கைவிடாமல் காக்கட்டும்.

இங்ஙனம்,
கழுத்தைத் திருப்ப முடியாத,
உங்கள் சகலன்,
கேதீஸ்வரன்

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகிற நேரம் ஆனந்தராசா போன் எடுத்தார். நேற்றைய அழைப்புச் செல்லாதாம். கழுத்தில் பலகையோடு சொன்னதை ஊரில் ஒருவரும் அழைப்பென்று எடுக்கமாட்டார்களாம், கார்ட் இல்லையாம், குங்குமம் இல்லையாம், எல்லாத்துக்கும் மேலே வீட்டுக்காரி சீதாதேவிக்கு ஆரும் சொல்லவில்லையாம். நானும் விடவில்லை, அப்படியென்றால் உம்முடைய வாட்ஸ்அப்பும் செல்லாது, சாமத்திய வீட்டைத் திரும்ப நடத்தும் என்றேன். தேத்தண்ணி ஆறும்வரை சண்டை பிடித்தோம். ஆகவே மேலே எழுதிய சமாதானம் முழுவதும் ரத்து, டிக்கெட்டை மாற்ற வேண்டாம், போட்ட திகதிக்கே வாருங்கள். வருகிற சனிக்கிழமை நானே தகனினிக்குப் போய் அவரை ஒரு கை பார்ப்பதாக இருக்கிறேன். குணவதி தாம்பாளத்தைப் புளி போட்டு மினுக்கிக்கொண்டிருக்கிறாள். போனை வைக்கும்போது ஆனந்தராசா சொன்னது: "சனிக்கிழமை எண்டால் நீங்கள் மச்சம் மாமிசம் தொடமாட்டியள். மரக்கறிதான் சமைக்க வேணும் எண்டு சீதாதேவிக்குச் சொல்லிப்போட்டன், நேரத்துக்கு வாங்கோ."