தகரக் குழாயில் சொன்னதும் திரும்பச் சொன்னதும்

அன்றைக்குக் குஸ்திக் கொட்டகையின் தட்டி அறைக்குள் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன்.

முதலாளி நாச்சிமுத்து. சேலத்தில் குஸ்தி நடத்துகிறவர். அறையில் இருந்த ஒரே நாற்காலி அவருக்கு.

என் மச்சான் பழனி. மனைவிக்கு அண்ணன். குஸ்தி விளம்பர வண்டி ஓட்டுகிறவர். எனக்கு அந்த வண்டியில் வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான்.

தேவசகாயம். ஏற்காட்டில் காப்பித் தோட்டத்துத் துரைக்குச் சமையல் செய்தவர். இங்கிலீஷ் பேசுவார்.

சாமுவேல் பயில்வான். ஆப்பிரிக்காக்காரர். கப்பலில் கரி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தவர், கொழும்பில் இறங்கிக் குஸ்திக்கு வந்துவிட்டார். தேவசகாயம் நிமிர்ந்து நின்றால் அவர் தோளுக்கு வருவார்.

நான். செங்கோடன். வயசு இருபத்திரண்டு.

கடைசியாக, மேஜை மேல் வாழையிலையில் ஒரு கூறு ஆட்டு ஈரல். பச்சை.

ஈரலை அங்கே வரவழைத்தது என் வாய். முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

என் வேலை இதுதான். ரெட்டை மாட்டு வண்டி. ரெண்டு பக்கமும் மூங்கில் தட்டியில் பயில்வான் படம். மச்சான் ஓட்டுவார். நான் பின்னால் நின்று தகரக் குழாயை வாயில் வைத்து, இன்னாருக்கும் இன்னாருக்கும் குஸ்தி என்று கத்த வேண்டும். நோட்டீஸ் வீச வேண்டும். அவ்வளவுதான். அந்தக் காலத்தில் ரேடியோ துரை வீட்டில்தான் இருக்கும். எங்கள் ஊருக்கு விளையாட்டுச் செய்தி என்றால் நான்தான். (இதைச் சொல்லும்போது இப்பவும் நெஞ்சு கொஞ்சம் நிமிருது.)

அதற்கு முன்னால் செவ்வாய்ப்பேட்டையில் பஞ்சு மூட்டை தூக்கினேன். மூட்டை தூக்குகிறவனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. குழாய் பிடித்தவனைத் தெருவே பார்க்கும். குழாய் கைக்கு வந்த பிறகுதான் பெண் கொடுத்தார்கள். கல்யாணம் ஆகி எட்டு மாசம். பெண்ணைக் கொண்டுவந்து விட வந்த மாமியார் எட்டு மாசமாகத் திரும்பிப் போகவில்லை. குழாய் போனால் நான் மறுபடியும் மூட்டை. அதை மாமியார் பக்கத்தில் இருந்து பார்ப்பார்.

வீட்டில் நான் பேச்சுக் கம்மி. ஆமா, இல்லை, சோறு போடு. மூணுதான். குழாய் வாயில் பட்டால் வேறு ஆள். படிப்பு மூணாம் வகுப்பு. நோட்டீஸை எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் வண்டி தெருவைத் தாண்டிவிடும். அதனால் பார்க்காமலே சொல்வேன். பார்க்காமல் சொல்கிறவனுக்கு ஒரு வியாதி. கொஞ்சம் சேர்ப்பான்.

சாமுவேல் குஸ்திக்கு வண்டி கிளம்பின முதல் நாள் நோட்டீஸில் இருந்தபடியே சொன்னேன். "ஆப்பிரிக்கா வீரர் சாமுவேல், சங்ககிரிப் பயில்வானோடு மோதுகிறார்." ஒருத்தரும் திரும்பவில்லை. ஒரு நாய் மட்டும் கொஞ்ச தூரம் கூட வந்தது.

ரெண்டாம் நாள் சேர்த்தேன். காட்டில் வலை போட்டுப் பிடித்த கரடி மனுசன். கூண்டில் வந்து இறங்கினவன். இருட்டில் நின்றால் பல் மட்டும்தான் தெரியும். சமைத்த சோறு தொடமாட்டான், பச்சை ஈரல்தான். இதில் ஒரு வார்த்தைக்கும் எனக்கு ஆதாரம் கிடையாது. அந்த மனுசரை நான் அதுவரை பார்த்ததே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் கருப்பு. சும்மா கருப்பு இல்லை. கல்யாணத்தில் என் நெற்றியில் வைத்த சாந்துப் பொட்டு எங்கே என்று தேடினார்கள். அந்த நெற்றியை வைத்துக்கொண்டுதான் இருட்டில் பல் தெரியும் என்று கத்தினேன்.

ஜனம் வண்டி பின்னால் ஓடிவந்தது. அன்று சாயங்காலம் முதலாளியே வண்டியில் ஏறி உட்கார்ந்து கேட்டார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இன்னும் கொஞ்சம் காரம் போடு சாமி," என்றார்.

மூணாம் நாள் போட்டேன்.

இதற்குள் பயில்வான் பக்கம் நடந்தது எனக்குத் தெரியாது. பயில்வானுக்குச் சாப்பாடு கொண்டுவந்த கிளப்புக் கடைக்காரர் நிறுத்திவிட்டார். பச்சையாத் திங்கிறவனுக்கு எதுக்குங்க சோறு என்றாராம். வேறு கடைக்குப் போனால் இலை போடவில்லை. கடைப் பையன்கள் அடுப்படிக்குள் ஓடி ஒளிந்துகொண்டார்கள். தர்மவான் யாரோ தினம் ஒரு கூறு ஈரலை அவர் தங்கியிருந்த அறை வாசலில் வைத்துவிட்டுப் போனார். ரெண்டு நாளாக அந்த உடம்புக்கு வாழைப்பழம் மட்டும்தான். மறுநாள் குஸ்தி.

பயில்வான் தேவசகாயத்தைத் தேடிப் பிடித்து, ஈரலையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அந்த ஈரல்தான் மேஜையில் இருந்தது.

தேவசகாயம் நிதானமாகச் சொன்னார். "பயில்வான் சொல்றாருங்க, பேசிச் சரி பண்ணாம நாளைக்கு எறங்க மாட்டாராம். இந்த ஈரலை வெளம்பரம் பண்ணினவர் யாருன்னு பாக்கணுமாம்."

முதலாளி என்னைப் பார்க்கவே இல்லை. தட்டியைப் பார்த்துச் சொன்னார். "இவந்தானுங்க. இவனை இந்த நிமிசமே நிறுத்தியாச்சு. டேய், குழாயை வெச்சுட்டுப் போ. சரியாப் போச்சுங்களா?"

வைத்தேன். ஈரலுக்குப் பக்கத்தில் இடம் இருந்தது.

மச்சான் தொண்டையைக் கனைத்தார். அவர் முதலாளியை எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. "ஏனுங்க முதலாளி, நேத்து வண்டியில உக்காந்து சிரிச்சது ஆருங்க?"

"சிரிச்சா என்னப்பா? சொன்னது அவன்தானே?"

"காரம் போடச் சொன்னது?"

"நான் சோத்துக்குச் சொன்னேன்," என்றார் முதலாளி.

தேவசகாயம் இதையெல்லாம் ஒன்று விடாமல் இங்கிலீஷில் சொன்னார். சோற்றையும் சொன்னார். பயில்வான் முதல் தடவையாகச் சிரித்தார். பல் எல்லாருக்கும் இருக்கிற மாதிரிதான் இருந்தது.

பிறகு என்னிடம் வந்தார். இலையை என் பக்கம் நகர்த்தினார்.

"மொதல்ல நீங்க சாப்பிட்டுக் காட்டணுமாம்," என்றார் தேவசகாயம்.

ஈரலில் ஒரு ஈ உட்கார்ந்திருந்தது. எனக்கு வேலையை நினைத்தால் சாப்பிட்டுவிடலாம் போல இருந்தது. ஈரலைப் பார்த்தால் மூட்டையே தூக்கிவிடலாம் போல இருந்தது. ஒரு துண்டைக் கையில் எடுத்தும் விட்டேன். வாய் திறக்கவில்லை. மூணு நாளாக மூடாத வாய்.

அவர் என் கையிலிருந்து அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டு ரொம்ப நேரம் பேசினார். தேவசகாயம் சுருக்கமாகச் சொன்னார்.

"இவரை அனுப்பிட்டா அடுத்த ஊருக்குப் புது வாய் ஒண்ணு புடிப்பீங்களாம். அதுவும் இதையேதான் சொல்லுமாம். இந்த வாய்க்காவது ஈரல் வாசனை தெரிஞ்சு போச்சாம். இருக்கட்டுமாம். ஆனா அதே தெரு, அதே கொழா, சொன்னதைத் திரும்ப எடுத்துக்கணுமாம். பயில்வானும் வண்டியில வருவாராம். இவரைப் பத்தியும் ஒரு வெளம்பரம் உண்டாம், அதைப் பயில்வான் எழுதித் தருவாராம். சிரிச்ச முதலாளியும் வண்டியில உக்காரணுமாம்."

"மாட்டேன்னா?" என்றார் முதலாளி.

"மாட்டேன்னா நாளைக்கு நீங்களே எறங்கிக்கோணுமாம். சங்ககிரிப் பயில்வான் காத்திருக்காராம்."

முதலாளி எழுந்து செருப்பு மாட்டினார்.

"எல்லாத்துக்கும் முந்திச் சோறு வேணுமாம்," என்றார் தேவசகாயம்.

எந்தக் கடை போடும்? குகை என்கிற பேட்டையில் இருந்த என் வீட்டுக்கே கூட்டிப் போனேன். வாசலில் அவரைப் பார்த்ததும் மாமியார் எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டார். எட்டு மாசத்தில் அவர் எனக்கு வழிவிட்டது அன்றைக்குத்தான். என் மனைவி முத்தாயி மட்டும் நின்று நிதானமாக அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஏனுங்க, இவரு உங்களைவிட ஒரு பங்கு வெளுப்பா இருக்காருங்களே. இவரையா இருட்டுன்னு சொன்னீங்க?"

தேவசகாயம் அதையும் இங்கிலீஷில் சொன்னார். (அந்த மனுசருக்கு எதை விடுவது என்றே தெரியாது.)

களியும் கீரைக் குழம்பும் போட்டாள். பயில்வான் கையைக் கழுவிக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தார். எங்கள் ஊரிலும் இப்படித்தான் கிண்டுவார்கள், மாவுதான் வேறு என்றார். அம்மா ஞாபகம் வருகிறது என்றார். ஒன்பது உருண்டை சாப்பிட்டார்.

சாப்பிட்டுக்கொண்டே என் விளம்பரத்தை ஆரம்பித்தார். அவர் சொல்ல, தேவசகாயம் தமிழில் எழுத, முத்தாயி கூட ரெண்டு சேர்த்தாள். அவள் சேர்த்ததுதான் அதிகம். மச்சான் அதை எனக்குப் பத்துத் தடவை படித்துக் காட்டினார். பத்துத் தடவையும் சிரித்தார்.

வண்டி கிளம்பியது. பயில்வான் ஒரு பக்கம். முதலாளி ஒரு பக்கம், தலையில் துண்டு. நடுவில் நான். முன்னால் மச்சான் பக்கத்தில் தேவசகாயம். முதலில் செவ்வாய்ப்பேட்டை. நான் மூட்டை தூக்கின தெரு. கூட வேலை செய்தவர்கள் எல்லாரும் வெளியே வந்தார்கள்.

குழாயை எடுத்தேன். "மகாஜனங்களே, ரெண்டு நாளா நான் சொன்னது பொய். இவரு சாமுவேல். அப்பா தச்சர். கூண்டுல வரலை, கப்பல்ல வந்தாரு. பச்சை ஈரல் திங்க மாட்டாரு. எங்க ஊட்டுல களி சாப்பிட்டாரு."

"அப்ப எதுக்குடா டிக்கெட்டு?" என்றான் ஒருத்தன்.

"குஸ்தி போடுவாருங்க," என்றேன்.

அவனுக்கு அது போதவில்லை. நாலைந்து பேர் நகரப் பார்த்தார்கள். இங்கே ஜனம் போனால் நாளைக்குக் கொட்டகை காலி. கொட்டகை காலியானால் பயில்வான் மன்னித்தும் பிரயோசனமில்லை, குழாய் போய்விடும். அப்போது பயில்வான் என் முதுகில் ஒரு விரல் வைத்தார். ஒரு விரல்தான். வண்டியின் விளிம்புக்கே வந்துவிட்டேன். எனக்கான விளம்பரத்தை ஆரம்பித்தேன்.

"இதோ பாருங்கள். சேலத்துப் பஞ்சுக் கிடங்கில் வலை போட்டுப் பிடித்த அபூர்வப் பிராணி. பேர் செங்கோடன். உயரம் அஞ்சடி ஒண்ணு. நிறம், களிச் சட்டியின் அடிப்பக்கம். பகலில் கத்தும், வீட்டுக்குப் போனால் கத்தாது. மாமியார் இருமினால் கட்டிலுக்கு அடியில் போகும். குழந்தைகளைக் கடிக்காது. ஈரல் காட்டினால் அழும். பயப்படாமல் கிட்டே வந்து தொட்டுப் பார்க்கலாம்."

தொட்டுப் பார்த்தார்கள். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. பஞ்சுக் கிடங்குப் பையன் ஒருத்தன் என் காதை இழுத்து, நிஜமான காதுதானா என்று கேட்டான். ஜனம் சிரித்த சிரிப்பு எனக்குப் பழகின சிரிப்பு. முந்தின நாளும் அன்று காலையிலும் அதைக் கேட்டு எனக்கு வயிறு நிறைந்தது. இப்போதுதான் குழாயின் இன்னொரு முனையில் நின்று கேட்டேன். பயில்வான் சிரிக்கவில்லை. என் காதை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்தார்.

அம்மாபேட்டையில் நெசவுக்காரர்கள் தறியை நிறுத்திவிட்டு வந்து கேட்டார்கள். எங்கள் குகைத் தெருவில் மாமியார் தண்ணீர்க் குழாயடியில் குடத்தோடு நின்றிருந்தார். மாமியார் வரியை விட்டுவிட்டுச் சொன்னேன். தேவசகாயம் அதையும் இங்கிலீஷில் சொல்லிவிட்டார். பயில்வானின் விரல் வந்தது. அந்த வரியையும் சொன்னேன். மாமியார் இருமினார். கட்டில் இல்லாததால் நின்றுகொண்டிருந்தேன்.

மறுநாள் கொட்டகை நிறைந்தது. பாதிப் பேர் என்னைப் பார்க்க வந்தவர்கள். பயில்வான் ஜெயித்தார். தோற்றவரைக் கை கொடுத்துத் தூக்கிவிட்டார். குழாய் என் கையிலேயே இருந்தது. அதற்குப் பிறகு பன்னிரண்டு வருசம் ஆட்டையாம்பட்டி முதல் சங்ககிரி வரைக்கும் கத்தினேன். எந்த ஊர்ப் பயில்வான் வந்தாலும் முதலில் போய்ச் சாப்பிட்டீங்களா என்று கேட்டுவிட்டுத்தான் வண்டி ஏறுவேன்.

போன வாரம் மூத்த மகள் பத்திரிகை படித்தாள். விளையாட்டுச் செய்தி எழுதுகிற ஒருத்தர், வெளிநாட்டு ஆட்டக்காரரின் நிறத்தைக் கேலி செய்துவிட்டாராம். வேலையை விட்டு நீக்கலாமா கூடாதா என்று ஊரில் சண்டையாம்.

"நீங்க என்னப்பா சொல்றீங்க?" என்றாள்.

"வண்டியில ஏத்தணும். கூடச் சிரிச்சவனையும் ஏத்தணும். ஏற மாட்டேன்னா நீக்கிடணும்."

அவ்வளவு நீளமாக நான் வீட்டில் பேசியது அதுதான். முத்தாயி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள்.

எங்கள் வீட்டில் யாராவது எதையாவது பெரிசாக்கிச் சொன்னால் மற்றவர்கள் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "உருண்டை எத்தனை?" அது அன்றைக்குச் செவ்வாய்ப்பேட்டையில் பிறந்தது. களி சாப்பிட்டாரு என்று சொன்னதும் குழாய் சூடேறிவிட்டது. ஒன்பது உருண்டை என்று சேர்த்துவிட்டேன். தேவசகாயம் அதையும் இங்கிலீஷில் சொன்னார். பயில்வான் எழுந்து, ஜனம் பார்க்கக் கையைத் தூக்கி, விரல்களைக் காட்டினார். அதைப் பார்த்து நான் திருத்திச் சொல்ல வேண்டியதாயிற்று. நான் எழுத்துக் கூட்டி இங்கே மேலே எழுதினதையும் மகள் படித்துவிட்டாள். கேள்வியைக் கேட்டுவிட்டு நிற்கிறாள்.

மூணு.