மேட்டில் சொல்ல வேண்டியது

முன்யோசனை என்று ஒன்று உலகத்தில் உண்டென்பதை ஈப்போ நகருக்கு முதன்முதலாக எடுத்துக்காட்டிய பெருமை ‘ஞானசேகரம் அண்ட் கம்பெனி’க்கே உரியது. கம்பெனி என்றால் லகாட் ரோட்டோரம் ஒரு தகரக் கொட்டகை, மூன்று பாரவண்டிகள், ஆறு மாடுகள். ‘அண்ட்’டுக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை. ஆனாலும் ஞானசேகரம் லேசுப்பட்ட முதலாளி அல்லர். பதினெட்டு வருடம் ரயில்வேயில் சரக்குக் கிளார்க்காக இருந்தவர். துரைமார் சீமைக்கு லீவில் போகும்போது தங்கள் பொறுப்புகளை எழுதி ஒப்படைத்துவிட்டுப் போவதைக் கண்ணாரக் கண்டவர். துரை போவார், காகிதம் இருக்கும், ரயில் ஓடும். மனிதன் முக்கியமல்ல, காகிதமே முக்கியம் என்ற பேருண்மையை அங்கேதான் அவர் கற்றார்.

ஆகவே 1926ஆம் வருடம், தலைமை வண்டிக்காரன் மாயாண்டி வந்து நின்று, “வர்ற வெள்ளிக்கெழம பினாங்குல கப்பலேறுறேங்கய்யா. ஊருக்கே போயிடறேன்” என்றபோது அவர் பதறவில்லை. ‘விலகும் காரணம்’ என்ற இடத்தில் ‘சொந்த விஷயம்’ என்று எழுதிக்கொண்டார். மாயாண்டியின் மனைவி செல்லாயி மூன்று மாதத்துக்கு முன் காய்ச்சலில் செத்துப்போனது அந்தச் சொந்த விஷயத்தில் அடக்கம்.

உண்மையில் பதறியிருக்க வேண்டிய சமயம்தான். லகாட்டுக்கு அப்பால் ஈயச் சுரங்கம் வைத்திருந்த ‘தவுக்கே’ என்ற சீன முதலாளி, தன் கூலிகளுக்கு அரிசி ஏற்றும் வேலையைக் கம்பெனிக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். முதல் லோடு திங்கட்கிழமை பகல் பன்னிரண்டுக்குள் இறங்க வேண்டும். தவறினால் வேலை மோட்டார் லாரிக்காரனுக்குப் போய்விடும். மாயாண்டியின் செவலையும் மயிலையும் பூட்டிய முன்வண்டி நடந்தால் மற்ற இரண்டும் தாமாகப் பின்னால் வரும். முன்வண்டி நின்றால் கம்பெனி நின்றது. அந்த ஜோடியோ ஏழு வருடமாக மாயாண்டியின் வாயைத் தவிர வேறெதற்கும் மசிந்ததில்லை.

புதன்கிழமை காலை கொட்டகையில் ‘பொறுப்பு ஒப்படைப்புக் கூட்டம்’ கூடியது. தலைமை: ஞானசேகரம், கையில் ‘கொப்பி’ என்னும் நோட்டுப் புத்தகத்தோடு. வருகை தந்தோர்: மாயாண்டி, அவன் இடத்துக்கு முந்தின நாள் சேர்ந்த உடையப்பன், மேற்படி இரு மாடுகள்.

“மாயாண்டி, உம்மட தலைக்குள்ள இருக்கிறதெல்லாம் இந்தக் கொப்பியில ஏறவேணும். மூண்டு பிரதி எடுக்கப் போறன். வண்டி வெளிக்கிடேக்க மாடுகளுக்கு என்ன சொல்லுவீர்?”

“வேணாங்கய்யா. அது எழுதற மாதிரி இருக்காது.”

“நிர்வாகத்தில எழுத ஏலாதது எண்டு ஒண்டும் இல்லை. சொல்லும்.”

மாயாண்டி மாடுகளைப் பார்த்தான். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “புண்ணாக்குல உமியக் கலக்குற கஞ்சப்பய ஞானசேகரம்! நடடா!” என்றான்.

மாடுகள் இரண்டும் சட்டென்று இரண்டடி முன்னால் வந்தன.

“தீவனம் பற்றிய ஊழியர் அபிப்பிராயம்” என்று எழுதினார் ஞானசேகரம். “சரி. பாலத்தில?”

“எங்கள மழையில நனைய விட்டுட்டு அரிசி மூட்டைக்குக் கித்தான் போட்ட பாவி, தாண்டுடா.”

“வானிலை பற்றிய குறிப்பு. லகாட் மேட்டில?”

மாயாண்டி மயிலையின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றான்.

“அதக் கேக்காதீங்கய்யா. இந்த மூணு மாசமாத்தான் அங்க அதச் சொல்றேன். அது உங்களுக்கே தெரியும்.”

ஞானசேகரம் தெரியாதவர்போல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். பிறகு, ‘மேடு: பின்னர் நிரப்பப்படும்’ என்று எழுதிக் கூட்டத்தை முடித்தார்.

வெள்ளிக்கிழமை மாயாண்டி போனான். சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஞானசேகரம் கொப்பியைத் திருத்தினார். ஒரு கண்ணியமான கம்பெனியின் ஏட்டில் உரிமையாளரைப் பற்றி அப்படி எழுதியிருக்கலாமா? திங்கள் காலை உடையப்பன் முன்வண்டியில் ஏறி, அங்கீகரிக்கப்பட்ட பிரதியை எழுத்துக்கூட்டி வாசித்தான்.

“காளைகளே, தயவு… செய்து… முன்னேறவும்.”

செவலை அசைபோட்டது. மயிலை சாணி போட்டது.

ஏழரை மணி ஆயிற்று. ஞானசேகரம் உடம்பெல்லாம் வியர்த்து, “சரி, மாயாண்டி சொன்ன மாதிரியே சொல்லும்! என்னைப் பாராமல் சொல்லும்!” என்றார்.

உடையப்பன் சொன்னான். மாடுகள் காதைக்கூட ஆட்டவில்லை. அவன் தலையைச் சொறிந்தான்.

“ஐயா, நான் வந்து ஒரு வாரங்கூட ஆவல. நீங்க எனக்கு இன்னும் ஒண்ணுமே பண்ணலியே. வயிறு எரிஞ்சாத்தானே வாயில வரும்?”

எட்டாயிற்று. லாரிக்காரன் ரோட்டில் ஒருமுறை போய்த் திரும்பியும் வந்துவிட்டான். ஞானசேகரம் கோட்டோடும் குடையோடும் முன்வண்டியில் ஏறி உட்கார்ந்தார். ஆபத்து வேளையில் தலைமையே முன்நின்று வழிநடத்த வேண்டும் அல்லவா?

“புண்ணாக்கில உமி கலக்கிறவன் ஞானசேகரம்!” என்று கத்தினார்.

வண்டி நகர்ந்தது. அவருக்கு ஒரு சின்னப் பெருமைகூட வந்தது. கடைத்தெரு வந்ததும் நாலு பேர் பார்க்கிறார்களே என்று, “சில வேளைகளில மட்டும்தான்” என்று சேர்த்துக்கொண்டார். வண்டி நின்றுவிட்டது.

“எப்பவும்! எப்பவும் கலக்கிறவன்!”

வண்டி நடந்தது. ரயில்வேயில் கூட இருந்த கார்த்திகேசு சந்தைக் கூடையோடு எதிரே வந்தார். “என்ன காணும், ஆரை இப்பிடித் திட்டிக்கொண்டு போறீர்?”

“கம்பெனி அலுவல்!” என்றார் ஞானசேகரம், முகத்தைக் குடையால் மறைத்துக்கொண்டு.

பாலத்தில் கித்தானைச் சொன்னார். கொஞ்ச தூரம் போய் மாடுகள் தயங்கியபோது, கொப்பியில் இல்லாதவையும் வந்தன. வண்டிக்காரர்கள் தங்கும் லயத்துக் கூரை ஒழுகுவதைச் சொன்னார். தீபாவளிக்கு வேட்டி தருகிறேன் என்று தராததைச் சொன்னார். பின்வண்டிக்காரர்கள் இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு வந்தார்கள். கடைசியில் லகாட் மேடு வந்தது. மாடுகள் நின்றன.

பதினொன்றே கால். உமியைச் சொன்னார், கித்தானைச் சொன்னார், கூரை, வேட்டி, எல்லாவற்றையும் இன்னொரு சுற்றுச் சொன்னார். உடையப்பன் இறங்கிச் சக்கரத்தைத் தள்ளிப் பார்த்தான். மயிலை மட்டும் தலையைத் திருப்பி, வண்டிமேல் இருந்தவரைப் பார்த்தது.

“ஐயா, இந்த எடத்துக்குக் கொப்பியில என்ன போட்டிருக்கு?”

ஞானசேகரம் கொப்பியைப் பார்க்கவில்லை. குடையை மடக்கினார்.

“செல்லாயிக்குக் காய்ச்சல் கொதிக்கேக்க, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக மாயாண்டி வண்டி கேட்டவன். பாரவண்டியில ஆள் ஏத்த விதி இல்லை, மனு எழுதித் தா எண்டு சொன்னனான். மனு எழுதுவிச்சுக்கொண்டு வாறதுக்குள்ள அவள் செத்துப்போட்டாள். நான்தான். நான்தான் சொன்னனான்!”

அவர் முடிப்பதற்குள் மாடுகள் மேட்டின் பாதியில் இருந்தன. பின்வண்டிக்காரர்கள் இப்போது சிரிக்கவில்லை.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்க அரிசி இறங்கியது. தவுக்கே கைக்கடிகாரத்தைப் பார்த்து, “பாகுஸ்! நல்லது! இனி வாரம் ரெண்டு தடவை!” என்று மகிழ்ந்தார். ஞானசேகரமும் மகிழ்ந்தார். வீடு திரும்பும்போதுதான் யோசித்தார். வாரம் இரண்டு தடவை என்றால் வாரம் இரண்டு தடவை அந்த மேடு வரும்.

கம்பெனியின் முன்யோசனை மறுபடியும் வேலை செய்தது. இரண்டே மாதத்தில் ஆறு மாடுகளும் சிலிம் ரிவர் என்ற ஊர்ப் பக்கத்து ஆள் ஒருவனுக்கு விலைபோயின. கொட்டகையில் பச்சைப் பெயிண்ட் அடித்த மோட்டார் லாரி வந்து நின்றது. அதன் திறப்பு விழாவில் மாலையோடு நின்ற ஞானசேகரம், “காலத்தோட நாங்களும் முன்னேறவேணும்” என்று பேசினார். கார்த்திகேசு கைதட்டினார். மேட்டுக்குரிய இடம் கொப்பியில் இன்னும் நிரப்பப்படாமலே இருந்தது.

ஓட்டுநராகிவிட்ட உடையப்பன் ஒரு காலை, அரிசி ஏற்றி முடித்துவிட்டுத் தயங்கித் தயங்கி வந்தான்.

“ஐயா, பிள்ளைக்கு நேத்திலேர்ந்து காய்ச்சல் அனலாக் கொதிக்குது. போற வழியில ஆஸ்பத்திரில எறக்கி விட்டுட்டுப் போயிடறேங்க.”

ஞானசேகரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

“பார லாரியில ஆள் ஏத்த விதி இல்லை, உடையப்பன். ஒரு மனு எழுதித் தாரும், பாப்பம்.”

அன்று உடையப்பனுக்கு வயிறு நன்றாகவே எரிந்தது. ஆனால் லாரிக்கு அது தேவைப்படவில்லை. பெட்ரோல் மட்டும் குடித்துவிட்டு, லகாட் மேட்டை ஒரே மூச்சில் ஏறியது.