வெள்ளை மாளிகை அண்ணையின் முட்டை உருட்டல்

அமெரிக்க ஜனாதிபதிகள் என்ன விளையாடினார்கள் என்று பார்த்துக் குடும்பம் நடத்திய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவரும் நாங்கள் புலம்பெயர்ந்து வந்த ரெய்னர்ஸ் லேனில் எனக்குப் பக்கத்து வீட்டில் வந்து வாய்த்தார். கார் திருத்தும் கராஜ் வைத்திருந்த அவருக்குத் தெருவே வைத்த பெயர் ‘வெள்ளை மாளிகை அண்ணை’.

அரசியல் பேசினால் கொட்டாவி விடுவார். “சட்டம் போட்டதை விடும் தம்பி. வேலை முடிஞ்சு ஆள் என்ன விளையாடினவர்? அதிலதான் மனிசன் தெரியும்.”

பனிக்குள் நிறம் பூசிய பந்தால் கோல்ப் ஆடிய ஜனாதிபதி ஒருவர் இருந்தாராம். ஒரு மாரியில் பனி கொட்டியபோது அண்ணையும் பந்துக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்து ஓங்கி ஒரு அடி விட்டார். அது என் சமையலறை யன்னலை உடைத்துப் பருப்புச் சட்டிக்குள் விழுந்தது.

“நிறம் பூசினபடியால்தானே தம்பி உடன கண்டுபிடிச்சனீர்!” என்றார், சந்தோஷமாக.

பிறகு அவருடைய மனைவி மலர் அக்காவுக்கு முழங்காலில் ஆபரேஷன் நடந்தது. கைத்தடியோடு ஆட்கள் முன்னால் வர வெட்கப்பட்டு அக்கா வீட்டைவிட்டு வெளிக்கிடவே மாட்டேன் என்றுவிட்டார். கலியாணவீடு, கோயில் எல்லாம் நின்றுபோயின. அண்ணையின் சிரிப்பும் குறைந்தது.

ஈஸ்டர் திங்களன்று தெருவையே தன் பின்வளவுக்கு அழைத்தார். அன்று வெள்ளை மாளிகைப் புல்வெளியில் அவித்த முட்டையைப் பிள்ளைகள் நீட்டுக் கரண்டியால் தள்ளி உருட்டுவார்களாம். அண்ணை பெரியவர்களான எங்கள் கையில் அகப்பையைத் தந்தார். நான் தள்ளிய முதல் தள்ளிலேயே முட்டை உடைந்து மஞ்சள் கரு என் சப்பாத்தில் வழிந்தது. அண்ணை சரியாக அவிக்கவில்லை; மற்றவர்களின் முட்டைகளும் அப்படியே உடைந்தன.

யன்னலுக்குள்ளிருந்து அக்கா கத்தினார்: “ஐயோ, முட்டையும் அவிக்கத் தெரியாது, அகப்பையும் பிடிக்கத் தெரியாது! விடுங்கோ, நான் வாறன்!”

கைத்தடியை ஊன்றி வந்தார். அண்ணையின் தோளை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, அதே தடியால் மிஞ்சியிருந்த ஒரு முட்டையை மெல்லத் தட்டினார். அது உடையாமல் வேலிவரை ஓடியது. நாங்கள் விசிலடித்தோம்.

“ஒருத்தரும் சிரிக்கேல்லையே?” என்று அக்கா கேட்டார்.

“எல்லாரும் தோத்துப்போய் நிக்கினம். ஆர் சிரிக்கிறது?” என்றார் அண்ணை.

அடுத்த சனிக்கிழமை வெம்பிளியில் ஒரு கலியாணவீட்டில் அவர்களைக் கண்டேன். அக்கா தடியோடு முன்னே நடக்க, அவரது கைப்பையைச் சுமந்தபடி பின்னால் அண்ணை. மாப்பிள்ளையின் முகத்தில்கூட அன்று அவ்வளவு பெருமை இருக்கவில்லை.