வியப்புக்கு உரிய இடம்

பூமியில் உயிர் தோன்றியது தற்செயல். உயிரியல் ஆசிரியர் தோன்றுவது அப்படியல்ல. அதற்குக் குழு உண்டு, கூட்டம் உண்டு, கூட்டத்தில் டீ உண்டு, எல்லாவற்றுக்கும் மேலாகத் திட்டம் உண்டு. அந்தத் திட்டத்துக்கு 'வகுப்பறைவாசம்' என்று பெயர்.

முறை மிக எளிது. ஆசிரியராக ஆசைப்படுகிறவர் ஒரு வருடம் உண்மையான பள்ளியில், உண்மையான வகுப்பில், ஒரு வழிகாட்டி ஆசிரியரின் நிழலாகக் குடியிருக்க வேண்டும். முதலில் வேடிக்கை பார்ப்பார், பிறகு கூடமாட உதவுவார், பிறகு பாடம் நடத்துவார். கடைசியில் மதிப்பீட்டுக் குழு வந்து ஒரே ஒரு பாடத்தைப் பார்த்து, இவர் ஆசிரியரா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும். பாடம் நடத்தப் பழக வேண்டுமென்றால் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும் என்ற இந்தப் பேருண்மையைக் கண்டுபிடிக்க நிபுணர்கள் பல மாநாடுகளைக் கூட்ட வேண்டியிருந்தது. அந்த உழைப்பை நாம் மறந்துவிடக் கூடாது.

நம் பயிற்சி ஆசிரியை அதற்கு முன் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருந்தவர். நிரந்தர வேலை, நல்ல பெயர். ஒரே ஒரு 'குறை'தான் இருந்தது. மைக்ரோஸ்கோப்பில் அழகாக எதையாவது பார்த்துவிட்டால் அவருக்கு யாரையாவது கூப்பிட்டுக் காட்டியாக வேண்டும்.

"கொஞ்சம் வந்து பாருங்களேன், இந்த ரத்த அணு எப்படி இருக்குன்னு," என்பார்.

"நார்மலா, இல்லையா? அத மட்டும் சொல்லும்மா," என்பார் பக்கத்து மேசைக்காரர். வருடக்கணக்கில் இதே பதில். கூப்பிட்டால் ஓடி வந்து பார்க்கிற ஆட்கள் பள்ளிக்கூடத்தில்தான் இருப்பார்கள் என்று ஒரு நாள் தோன்றியது. வேலையை விட்டுவிட்டார்.

"இருக்கிறத விட்டுட்டுப் பறக்கிறதுக்கு ஆசைப்படுறியேம்மா," என்றார் மாமியார்.

எலக்ட்ரீஷியனான கணவர் அவ்வளவு கடுமையானவர் அல்ல. "ஒரு வருஷம் நான் எப்படியாவது சமாளிச்சுக்கிறேன். ரெண்டாவது வருஷம்னு மட்டும் வந்து நிக்காத," என்றார். பரிசோதனைக் கூடத்தில் நம் ஆசிரியையின் ஸ்டூலில் அதற்குள் வேறொருவர் உட்கார்ந்துவிட்டார். குழு 'சரி' என்றால் பயிற்சி பெறும் பள்ளியிலேயே காலியாக இருந்த உயிரியல் ஆசிரியை வேலை அவருக்கு. இல்லையென்றால் அங்கும் இல்லை, இங்கும் இல்லை.

வழிகாட்டி ஆசிரியையைப் பிள்ளைகள் 'ஸ்டாப்வாட்ச்' என்று அழைத்தார்கள். கழுத்தில் ஒன்று எப்போதும் தொங்கும். பல வருடங்களாகப் பயிற்சி ஆசிரியர்களை உருவாக்கி வருபவர். நம்மவரை உட்கார வைத்து, பாடம் என்பது நான்கு படிகளால் ஆனது என்று விளக்கினார். வணக்கம், குழுப்பணி, வியப்பு, சிந்தனை.

"இதுல வியப்புதாம்மா உயிர்நாடி. போன வருஷம் ஒரு பொண்ணு, பாடம் அருமையா நடத்துச்சு. பிள்ளைங்க வியக்கல. வீட்டுக்குப் போயிடுச்சு."

"பாடம் நல்லா இருந்தா அவங்களே தானா வியக்க மாட்டாங்களா டீச்சர்?"

ஸ்டாப்வாட்ச் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "தானா வர்றத நம்பி யாராவது வகுப்புக்குப் போவாங்களாம்மா?"

ஆகவே வியப்பு தயாரிக்கப்பட்டது. பாடம், 'உயிருள்ளவற்றின் பண்புகள்'. மேசையில் தெர்மாகோலில் செய்த பெரிய செல் ஒன்று துணி போர்த்தியபடி இருக்கும். மூன்றாம் படியில் டீச்சர் துணியை எடுப்பார். வகுப்பு மொத்தமும் 'ஆ' என்று சொல்லும். முதல் ஒத்திகையில் பாதிப் பேர் துணியை எடுப்பதற்கு முன்பே வியந்துவிட்டார்கள். அடுத்ததில் கடைசி பெஞ்சு வியப்பை இழுத்துக்கொண்டே போனது. "கொட்டாவி மாதிரி இருக்கு, திருப்பிச் சொல்லுங்க," என்றார் ஸ்டாப்வாட்ச். சொன்னார்கள். கல்விக்காகப் பிள்ளைகள் என்னதான் செய்ய மாட்டார்கள்.

வீட்டிலும் ஒத்திகை நடந்தது. சோபாவில் கிடந்த கணவரை நிமிர்த்தி உட்கார வைத்து, தலையணை மேலிருந்த துண்டை எடுத்தார்.

"இப்ப நீங்க வியக்கணும்."

"தலையணையப் பாத்தா?"

"திட்டத்துல அப்படித்தாங்க இருக்கு."

கணவர் கடமை தவறாதவர். "ஆ," என்றார்.

"என்னடா, பல்லு வலிக்குதா?" என்று உள்ளேயிருந்து மாமியார் கேட்டார்.

மதிப்பீட்டு நாள் வந்தது. "மைக்ரோஸ்கோப்பத் தூசி தட்டி ஜன்னல் ஓரமா வை. உள்ள நுழைஞ்சதும் அறை அறிவியலாத் தெரியணும்," என்றார் ஸ்டாப்வாட்ச். வைத்தார். வெறும் மைக்ரோஸ்கோப்பைப் பார்க்க நம்மவருக்கு மனசு வரவில்லை. பள்ளியின் பின்பக்கத் தொட்டியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் எடுத்துக் கண்ணாடித் துண்டில் விட்டு, அடியில் பொருத்தி, விளக்கையும் போட்டு வைத்தார். குழு போன பிறகு பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று ஒரு சின்ன ஆசை. திட்டத்தில் இல்லாத ஆசை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

குழுவின் மூவரும் வந்து கடைசி பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தார்கள். நடுவில் தலைவர். பாடம் தொடங்கியது. வணக்கம் சிறப்பாக நடந்தேறியது.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பெண்ணுக்குக் குருவி என்று பட்டப்பெயர். சும்மா இருக்க மாட்டாள். வணக்கம் சொல்லி முடித்த கையோடு மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துவிட்டாள்.

"டீச்சர், இங்க ஒண்ணு இருக்கு. கண்ணாடி மாதிரி உடம்பு. உள்ள இதயம் துடிக்கிறது அப்படியே தெரியுது."

பக்கத்தில் இரண்டு தலைகள் திரும்பின.

"டீச்சர், இது குட்டி போடுது."

அவ்வளவுதான். பெஞ்சுகள் கரகரவென்று நகர, வகுப்பே எழுந்து ஜன்னலுக்கு ஓடியது. "தள்ளுடா," "எனக்குத் தெரியல," "ஐயோ, குட்டிக்கும் கண்ணு இருக்கு," என்று ஒரே அமளி. யாரும் சொல்லிக் கொடுக்காத சத்தமெல்லாம் வந்தது. குழுத் தலைவரே பாதி எழுந்துவிட்டார். மற்ற இருவரும் பார்ப்பதைக் கவனித்ததும் கால்சட்டையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார்.

நம்மவருக்கு அது என்னவென்று கேட்டவுடனே தெரிந்துவிட்டது. தொட்டித் தண்ணீரில் வாழும் சின்ன நீர்ப்பூச்சி. அது குட்டி போடுவதைப் புத்தகத்தில் படித்திருக்கிறார், ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. கால்கள் அவரைக் கேட்காமலே ஜன்னல் பக்கம் நகர்ந்தன.

ஸ்டாப்வாட்ச் தன் கழுத்திலிருந்ததைத் தூக்கிக் காட்டினார். பின்னால் மூன்று பேனாக்கள் மூடி திறந்தன. 'ரெண்டாவது வருஷம்னு மட்டும் வந்து நிக்காத' என்ற குரல் காதுக்குள் கேட்டது. இத்தகைய நெருக்கடியில்தான் சாதாரண மனிதர்களும் ஆசிரியர்களும் பிரிகிறார்கள்.

"எல்லாரும் உட்காருங்க," என்றார். "வியப்பு இன்னும் வரல. இப்ப குழுப்பணி."

பயிற்சி பெற்ற பிள்ளைகள். உட்கார்ந்துவிட்டார்கள்.

"டீச்சர், நீங்க மட்டுமாவது ஒரு தடவ வந்து பாருங்க டீச்சர். இன்னொரு குட்டியும் வெளிய வருது," என்றாள் குருவி.

டீச்சர் வந்தார். புன்னகை மாறாமல் மைக்ரோஸ்கோப்பின் விளக்கை அணைத்துவிட்டுத் திரும்பிப் போனார்.

மற்றதெல்லாம் குறையின்றி நடந்தது. குழுப்பணி முடிந்தது. துணி விலகியது. தெர்மாகோலைக் கண்டு வகுப்பு ஒரே குரலில் 'ஆ' என்றது. சிந்தனையின்போது, உயிருள்ளவை வளரும், அசையும், தம்மைப் போன்றவற்றை ஈனும் என்று பிள்ளைகள் மேசையைப் பார்த்தபடி ஒப்பித்தார்கள்.

தலைவர் நம்மவரிடம் கைகுலுக்கினார். "வியப்பு ரொம்பச் சுத்தமா வந்துச்சு மேடம். நடுவுலதான் ஒரு சின்ன இடையூறு."

ஸ்டாப்வாட்சுக்கு முகம் வெளுத்தது.

"பயப்படாதீங்க. அத இவங்க அடக்குன விதத்துக்குத்தான் முழு மார்க். வேலை உறுதி," என்றார் தலைவர். பிறகு நம்மவர் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தி, "அது என்னங்க அது?" என்று கேட்டார்.

"நீர்ப்பூச்சி சார்."

"நிஜமாவே குட்டி போடுமா?"

"போடும் சார்."

"பரவாயில்லையே," என்று ஜன்னல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, அடுத்த பள்ளிக்கு நேரமாகிவிட்டதால் புறப்பட்டார்.

நம்மவர் கணவருக்குப் போன் செய்து அழுதார். சந்தோஷ அழுகைதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு வகுப்புக்குத் திரும்பியபோது எல்லாரும் போயிருந்தார்கள். குருவி மட்டும் மைக்ரோஸ்கோப்புக்குப் பக்கத்தில் பையை மாட்டிக்கொண்டு நின்றாள்.

"பாஸ் ஆயிட்டீங்களா டீச்சர்?"

"ஆயிட்டேன்மா."

"இனிமே நீங்கதான் எங்களுக்கு நிஜ டீச்சரா?"

"ஆமா."

"அப்ப இப்ப லைட்டப் போடலாமா?"

டீச்சர் விளக்கைப் போட்டுக் கண்ணை வைத்தார். சொட்டு காய்ந்து போயிருந்தது. நடுவில் கண்ணாடி உடம்பு ஒட்டிக்கிடந்தது. இதயம் இருந்த இடம் தெரிந்தது. குட்டி ஒன்று பாதி வெளியே வந்தபடி அப்படியே நின்றுவிட்டிருந்தது. அவர் வெகுநேரம் பார்த்தார்.

"என்ன டீச்சர், செத்துருச்சா?"

"ஆமாம்மா."

குருவி பையைச் சரிசெய்துகொண்டாள். கோபமெல்லாம் இல்லை.

"நான் உங்களக் கூப்பிட்டப்ப உயிரோடதான் இருந்துச்சு டீச்சர்."