பீரங்கி மாமாவின் போர்க்கதை

போரைப் பற்றி எழுதியவர்களிலேயே, முந்நூறு பக்கம் எழுதியும் ஒரு துப்பாக்கியைக்கூட வெடிக்க விடாதவர் இந்த உலகத்தில் எங்கள் பீரங்கி மாமா ஒருத்தராகத்தான் இருப்பார்.

சுனாமிக்கு அடுத்த வருஷம். சிதம்பரத்தில் ஒரு சந்தில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். காலையில் நடராஜரைக் கும்பிட்டுவிட்டு வந்து ஷட்டரைத் தூக்கினால், புவனகிரி பஸ்ஸில் வந்து இறங்கிய மாமா அட்டென்ஷனில் நிற்பார், கையில் கோடு போட்ட நோட்டோடு. பட்டாளத்தில் இருந்து சண்டையும் பார்த்தவர் என்று ஊர் வைத்த பெயர்தான் பீரங்கி. உண்மையில் அவர் அங்கே சமையல்காரர்.

"ஒரு எழுத்து மாறக்கூடாது மாப்ள. கண்ணால பாத்ததை மட்டும்தான் எழுதியிருக்கேன்" என்பார்.

அப்படி என்ன பார்த்தார்? முதல் அத்தியாயம் முழுக்க மலை உச்சியில் பருப்பு வேகாத கொடுமை. இரண்டாவதில், விசில் சத்தம் எதிரிக்குக் கேட்டுவிடும் என்று ஆபீசர் திட்ட, மாமா குக்கருக்குக் கம்பளி போர்த்துகிறார். மூன்றாவதில் குண்டு போட விமானம் வருகிறது. எல்லாரும் பதுங்குகுழிக்கு ஓட, மாமா மட்டும் அடுப்பைப் பார்த்து ஓடுகிறார்.

"ஏன் மாமா அப்படி?"

"பருப்பு அடிபிடிச்சா, குழியிலேர்ந்து ஏறி வர்றவன் என்னத்தடா திம்பான்?"

"அது சரி, எதிரி எப்ப வருவான்? எட்டு நோட்டு அடிச்சிட்டேன், இன்னும் வெங்காயமே உரிச்சிக்கிட்டிருக்கீங்க."

"அவனை நான் பாக்கலையே. பாக்காதவனைப் பத்தித் தப்பா எழுதிட்டா அப்புறம் சண்டைக்கு வந்துடப்போறான்!"

ஒருநாள் கடலூரில் ஒரு வாசகர் கூட்டத்தில் வாசிக்கக் கூப்பிட்டார்கள். மாமா கிராப்பு வெட்டி, சட்டையை இஸ்திரி போட்டு, மெடலைக் குத்திக்கொண்டார். 'சப்பாத்தி' என்ற அத்தியாயத்தை என்னிடம் கொடுத்து, "இதைத்தான் வாசிக்கப் போறேன்" என்றார்.

போர் வீரர் என்று கூப்பிட்ட இடத்தில் மனுஷன் சப்பாத்தி வாசித்தால் சிரிக்க மாட்டார்களா? முதல் பக்கத்தை மட்டும் அப்படியே அடித்தேன். மிச்சத்தைப் படிக்கக்கூட இல்லை. பத்தாவதோடு நின்றவன் நான். சினிமாவில் பார்த்த சண்டைதான் எனக்குத் தெரியும். 'துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு பாய்ந்தேன். ஆறு பேர் சாய்ந்தார்கள்' என்று நானாகச் சேர்த்தேன். சாமி சத்தியமாக, அவருக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன்.

மாமாவுக்குக் கண்ணில் புரை. பெரிய எழுத்தில் அடித்துக் கொடுத்ததை மேடையில்தான் முதன்முதலாகப் படித்தார். 'சாய்ந்தார்கள்' என்ற இடத்தில் குரல் நின்றுவிட்டது. கூட்டம் கைதட்டியது. "அப்படிப் போடு மாமா!" என்று பின்வரிசையில் ஒருத்தர் கத்தினார். மாமா காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

பஸ் சிதம்பரத்தை நெருங்கியது. மாமா ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்: "நான் யாரையும் கொல்லலடா மாப்ள. சண்டைக்குப் போயிட்டு வந்து அப்படிச் சொல்லிக்கிற பாக்கியம் எத்தினி பேருக்குக் கிடைக்கும்? அதைப் போயி பொய்யாக்கிட்டியே."

அதோடு கடைக்கு வருவதை நிறுத்திவிட்டார். என்னிடமே தங்கிவிட்ட நோட்டைப் பிரித்து, நான் தள்ளிவிட்ட பக்கங்களை அப்போதுதான் படித்தேன். அறுபது பேருக்குச் சப்பாத்தி போட்டிருக்கிறார். சாயந்திரம் சாப்பிட வந்தது நாற்பத்தொரு பேர். மிச்சத்தை ஈரத்துணியால் மூடிவைத்து, வராதவர்களை ஒவ்வொருத்தராக எழுதியிருந்தார். ஒருத்தனுக்கு ஓரம் கருகணும். ஒருத்தனுக்குச் சர்க்கரை வேணும். ஒருத்தன் சூடாக இல்லையென்றால் தொடமாட்டான். விடியும்வரை அடுப்பை அணைக்காமல் உட்கார்ந்திருக்கிறார். யாரும் வரவில்லை.

ஒரு எழுத்து மாறாமல் அடித்து எடுத்துக்கொண்டு புவனகிரிக்கு ஓடினேன். மாமாவுக்கு அதற்குள் பார்வை அநேகமாகப் போயிருந்தது. "படி" என்றார். சர்க்கரைக்காரன் வந்த இடத்தில் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். மிச்சத்தை மாமாவே மனப்பாடமாகச் சொல்லி முடித்தார்.

"இப்பதான்டா சரி" என்றார். கொஞ்சம் கழித்து, "சாப்பிட்டியா?"

புத்தகம் அச்சாவதற்கு முன்பே மாமா போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தப் பக்கங்கள் எங்கள் வீட்டுச் சாமி அலமாரியில் இருக்கின்றன. விளக்கேற்றும்போது, பேர்கூடத் தெரியாத அந்தப் பத்தொன்பது பேருக்கும் சேர்த்துக் கும்பிடுகிறேன். மாமாவுக்கு மட்டும் கொஞ்சம் ஜாஸ்தியாக.