உன் மச்சான் காதும் ஊறுகாய் கெப்பாசிட்டரும்

அன்புள்ள கடம்பத்தூர் அண்ணன் தாவீது அவர்களுக்கு, கும்மிடிப்பூண்டியிலிருந்து தங்கை ஆரோக்கியமேரி எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் இங்கு நானும் சுகிர்தாவும் நலம். உங்கள் மச்சானுக்குத்தான் கெப்பாசிட்டர் கண்டிருக்கிறது. போனில் சொல்லலாம், ஆனா நீ ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசுவ, அண்ணி காதுல உழுந்தா சாயங்காலத்துக்குள்ள ஆரம்பாக்கம் வரைக்கும் போயிடும். அதான் கடுதாசி. தனியா படி.

விஷயம் இன்னான்னா, போன ஞாயித்துக்கிழமைக்கு முந்தின ஞாயிறு நம்ம சுகிர்தாவ பொண்ணு கேட்டு ஆரம்பாக்கத்துலேர்ந்து மோகன்ராஜும் அவங்க அப்பாவும் வந்தாங்க. புள்ள தங்கம். இவளும் அவனும் ஒரே கம்பெனி, ஒரே ஷிப்ட்டு, நாம பேசி முடிக்கறதுதான் பாக்கி. ஆனா அவங்க அப்பாவுக்கும் உன் மச்சான் வியாதிதான், ஊட்லயே ஆம்ப்ளிபையர் செய்யறவரு. பொண்ணப் பாக்கல, நேரா போயி இவரு செஞ்ச பொட்டிய தொறந்து பாக்கறாரு. பாட்டு போற வழியில ஒரு கெப்பாசிட்டர் குந்திகினு இருக்குமாம், அது சரியா அமைஞ்சாதான் பாட்டாம். இவரு போட்டிருந்தது மஞ்சக் கலரு. "இன்னா சம்பந்தி, பாட்டுக்கு காமாலை வந்துடுமே! எண்ணெயில ஊறுனத போடுங்க"ன்னு பாக்கெட்லேர்ந்து ஒண்ண எடுத்து நீட்டுறாரு. உன் மச்சான் சும்மா இருப்பாரா? "எண்ணெயில ஊறுனா அது ஊறுகா, தயிர்சோத்துக்குதான் ஆவும்"னுட்டாரு. அந்த மனுஷன் செருப்ப மாட்டிகினாரு. சுகிர்தா மூஞ்சி சுண்டிப்போச்சி.

நான் உடுவனா? "ரெண்டையும் மாட்டி நடுவுல ஒரு சுவிட்ச் வைங்க. அடுத்த ஞாயிறு ரெண்டு பேரும் செவுத்தப் பாத்து குந்துங்க, நான் மாத்தி மாத்தி உடறேன், காது சொல்லட்டும்"னேன். காதாம் காது! உன் மச்சானுக்கு கம்பி உருட்டுற கம்பெனியில இருவத்திரெண்டு வருஷம், நாஷ்டாவுக்கு நாலு தடவ கத்தணும், கெப்பாசிட்டர் மூச்சு உடறது மட்டும் கேக்கும்!

நேத்து வந்தாங்க. எப்பவும் உர்ருன்னு உறுமற பொட்டி, நேத்துன்னு பாத்து சுத்தமா பாடுச்சி. "ஒண்ணு"ன்னேன், கேட்டாங்க. அடுத்து சுவிட்ச தட்டணும். என் கையெல்லாம் பஜ்ஜி மாவு, ஈரக்கையால கரண்ட்ட தொட பயம். தொடாமயே "ரெண்டு"ன்னேன். அதே கெப்பாசிட்டர், அதே பாட்டு! அவரு "ஆஹா"ங்கறாரு, இவரு "ஸ்க்ரீன வெலக்குன மாதிரி இருக்கு"ங்கறாரு. ரெண்டுதான் ஒசத்தின்னு கட்டிப்புடிச்சிகினாங்க, அது தன்னோடதுன்னு ஆளுக்கொரு நெனப்பு. எது எதுன்னு கேட்டதுக்கு "கல்யாணத்தன்னிக்கி சொல்றேன்"னுட்டேன். ஆம்பளைங்கள ஏமாத்தறது பஜ்ஜி போடறத விட சுலுவு அண்ணா!

வர இருவதாந்தேதி நிச்சயம். தாய்மாமன் நீ இல்லாம தட்டு மாத்த மாட்டோம். அண்ணிக்கு வணக்கம், புள்ளைங்களுக்கு முத்தம், உன் காதுக்கு மட்டும் மாதா ஆயுசுக்கும் இந்த வியாதி வராம பாத்துக்கட்டும்.

இப்படிக்கு,
உன் தங்கச்சி மேரி

பின்குறிப்பு: கவர் ஒட்டப் போனா, சுகிர்தா புடுங்கி படிச்சிட்டு உழுந்து உழுந்து சிரிக்கறா. பொட்டி நேத்து காலையிலயே பட்டுன்னு வெடிச்சி போயிடுச்சாம், லைட்டு மட்டும்தான் எரியுதாம். பாடுனது அதுக்குப் பின்னாடி அவ ஒளிச்சி வச்ச புளூடூத் ஸ்பீக்கர் டப்பா, நீ அவ பொறந்தநாளைக்கு வாங்கிக் குடுத்தியே அதுதான். மோகன்ராஜும் கூட்டு. ஆவ மொத்தம் என் காதும் அதே காதுதான். இப்ப நிச்சயத்துக்கு இந்தப் பொட்டிதான் பாடும்னு சம்பந்திங்க ரெண்டு பேரும் ஊரெல்லாம் சொல்லி வச்சிட்டாங்க. டப்பாவோட சார்ஜர காணோம். வரும்போது ஒண்ணு வாங்கினு வா. சீர்வரிசையில சேத்துக்காத.