தொண்டைச் சதையும் இரண்டு பாஷையும்

"தொண்டைக்குள்ள ரெண்டு பக்கமும் சின்னதா சதை இருக்கு. அது வீங்கிப்போச்சு. டாக்டரு எடுத்துருவாரு. அம்புட்டுத்தான்," என்றான் சென்னகேசவன்.

கத்தி, ரத்தம், ஊசி என்று மகள் எதைக் கேட்டாலும் சொல்ல அவனிடம் பதில் தயாராக இருந்தது. எட்டு வயது சௌடேஸ்வரி அதையெல்லாம் கேட்கவில்லை.

"எடுத்தா பேச்சு போயிருமாப்பா?"

"சேச்சே. போகாது."

"கொஞ்சங்கூடவா?"

"கொஞ்சங்கூடப் போகாது."

அவள் யோசித்தாள். வீட்டுக்குள் அவர்களுக்குக் கன்னடம். வாசலைத் தாண்டினால் தமிழ்.

"ரெண்டு பாஷையும் இருக்குமா?"

"ரெண்டும் இருக்கும். இனிமே மணி மாதிரி பேசுவே."

சௌடேஸ்வரி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

அருப்புக்கோட்டையில் ஒரு நூல்கடையில் விற்பனைக்கு நிற்பவன் சென்னகேசவன். சிவப்பு நூல் கேட்டு வந்தவரை ஊதா நூலோடு அனுப்பி வைக்கத் தெரிந்தவன். பெற்ற பிள்ளை தன் பேச்சை நம்பாதது அவனுக்கு உறைத்தது. சரி, ஆளையே காட்டிவிடலாம் என்று முடிவு செய்தான்.

மறுநாள் காலையில் சோலைச்சாமியை வீட்டுக்கே கூட்டி வந்தான். சோலைச்சாமி மிளகாய் கமிஷன் கடையில் ஏலம் கூவுகிறவர். வாலிபத்தில் மதுரைக்குப் போய் இதே சதையை எடுத்துக்கொண்டவர்.

"பாப்பா, எனக்கும் உன்ன மாதிரித்தான் வீங்கிக் கெடந்துச்சு. எடுத்துட்டாக. இப்பக் கேளு," என்றவர் இடுப்பில் கையை ஊன்றி, "சம்பா வத்தல் ஒரு தரம்" என்று கூவினார்.

எதிர்வீட்டுத் தறி நின்றது. அடுத்த வீட்டுத் தொட்டிலில் குழந்தை வீறிட்டது.

சௌடேஸ்வரி கஞ்சிக் கும்பாவைக் கீழே வைத்தாள். "எடுக்கறதுக்கு முன்னாடியும் இம்புட்டுச் சத்தம் வருமா?"

"எங்கிட்டு வந்துச்சு? எடுத்தப்புறந்தான் தொண்டையே தொறந்துச்சு."

அவள் எழுந்து போய் அம்மா காலை இறக்கி உட்கார்ந்து நெய்யும் தறிக்குழிக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டாள்.

"என்னப்பா, பிள்ள இப்பிடிப் பயப்படுது?" என்றார் சோலைச்சாமி. கிளம்பும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் போனார்.

அன்று மாலையே தொண்டை இன்னும் வீங்கியது. அவளால் எச்சில்கூட விழுங்க முடியவில்லை. இனிமேல் தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். சென்னகேசவன் குழியின் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"கண்ணு, ஆப்பரேசன் முடிஞ்சதும் ஐஸ்கிரீம் வாங்கித் தருவாக. சாப்பிட்டுட்டு அம்மா மடியில படுத்துக்கிட்டு நாள் பூராவும் கதை பேசலாம். உனக்கு என்னென்ன தெரியுமோ அம்புட்டையும் அம்மாகிட்டச் சொல்லலாம்."

சௌடேஸ்வரி தறிக்கட்டையை இரண்டு கைகளாலும் கட்டிப் பிடித்துக்கொண்டாள். இழுத்துப் பார்த்தான். தறி ஆடியது, நெய்யப் பூட்டியிருந்த பாவில் இழைகள் அறுந்தன.

சத்தம் கேட்டு வந்த அம்மா லிங்கம்மாள் அறுந்த இழைகளைப் பார்த்தாள். அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஆமாடி. பேச்சு போயிரும். ஊமையாத்தான் திரும்பி வருவே. போதுமா?"

சென்னகேசவனுக்குப் பகீரென்றது. பெற்றவள் சொல்லும் சொல்லா இது?

தறிக்கட்டையிலிருந்து கைகள் விலகின. "நெசமாவாம்மா?"

"நெசந்தான்."

சௌடேஸ்வரி மேலே ஏறி வந்தாள். முகத்தைக் கழுவினாள். தலை பின்னிவிடச் சொன்னாள்.

விடிந்ததும் மதுரை பஸ் ஏறினார்கள். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, வெளியே கருவேலங்காட்டை வேடிக்கை பார்த்தபடி வந்தாள். காரியாபட்டியில் பஸ் நின்றபோது பனங்கிழங்கு விற்பவளைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தாள்.

"நானும் தேனாட்டம் சொன்னேன். கேக்கல. நீ ஒரு அதட்டுப் போட்ட, அடங்கிட்டா," என்றான் சென்னகேசவன்.

"உங்களுக்குப் பிள்ளைககிட்டப் பேசத் தெரியல," என்றாள் லிங்கம்மாள்.

அவன் அதை ஒப்புக்கொண்டான்.

ஆஸ்பத்திரியில் யாரும் கையைப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. சௌடேஸ்வரி தானாகவே நர்ஸின் பின்னால் உள்ளே போனாள். கதவு மூடியது. வெளியே பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். சென்னகேசவனுக்குத் துண்டால் முகத்தைத் துடைத்துத் துடைத்துக் கன்னமெல்லாம் சிவந்துவிட்டது.

வெகுநேரம் கழித்து நர்ஸ் வெளியே வந்தார். "நல்லபடியா முடிஞ்சது. தூங்குறா."

சென்னகேசவன் துண்டை உதறித் தோளில் போட்டான். "உள்ள ரொம்பப் பயந்தாளா சிஸ்டர்?"

நர்ஸ் சிரித்துக்கொண்டே லிங்கம்மாள் பக்கம் திரும்பினார்.

"பயமா? மயக்க மருந்து குடுக்கிறப்ப டாக்டர் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'பேச்ச மிச்சம் வைக்காம எடுத்துருங்க சார், அம்மாவப் பாக்க வந்த எங்க மாமாவ, அம்மா ஊர்ல இல்லன்னு சொல்லி அப்பா பஸ் ஸ்டாண்டுலயே திருப்பி அனுப்பிட்டாரு, அம்மா கேட்டா எனக்கு மறைக்கத் தெரியாது'ன்னு சொல்லுச்சும்மா."